மூலிகைக் களிம்பு டப்பாவில் ‘எஸ்.பி.எஃப். 50’ என்று ஒட்டாதீர்கள்

மகளிர் பிரிவுத் தலைவி, செயலாளர், செயலவையினர் அவர்களுக்கு,

பள்ளி விடுமுறையில் ‘வீட்டிலேயே மூலிகைச் சன்ஸ்கிரீன்’ வகுப்பு நடத்துவது, அதில் செய்யும் களிம்பை லிட்டில் இந்தியா சந்தையில் ‘எஸ்.பி.எஃப். 50’ (வெயிலில் தோல் சிவக்காமல் எவ்வளவு காக்கும் என்று காட்டும் எண்) என்று ஒட்டி விற்பது, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலுக்கும் பத்துக் கிராம் டப்பாக்களாக இலவசமாகக் கொடுப்பது என்று உங்கள் செயலவை முடிவெடுத்திருக்கிறது. வகுப்புக்கான கையேடும் கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது. நேரில் சொல்லிப் பார்த்தோம். “எல்லாம் செடிகொடிதானே, என்ன கெட்டுப்போகும்?” என்பதுதான் கிடைத்த பதில். எனவே எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறோம்.

மூலிகைக்கு எதிராக எழுதும் மடல் இல்லை இது. சோப்பு, எண்ணெய், குளியல் பொடி என்று மூலிகையோடுதான் எங்கள் பிழைப்பு. உங்கள் கையேட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் எங்கள் அலமாரியிலும் இருக்கிறது. அதனாலேயே எது எதைச் செய்யும், எது எதைச் செய்யாது என்று சொல்லும் கடமையும் இருக்கிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தானதிலிருந்து தொடங்குகிறோம். கையேட்டின் மூன்றாவது வரியில் ‘கார்போகரிசி ஊறவைத்த எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி’ என்று இருக்கிறது. நலங்கு மாவில் காலங்காலமாகச் சேர்ப்பதுதானே என்று எழுதியிருப்பீர்கள். நலங்கு மாவைத் தேய்த்துக் கழுவிவிடுகிறோம். களிம்பைப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. கார்போகரிசியில் சொராலின் என்ற பொருள் இருக்கிறது. வெண்புள்ளிக்கு இந்த விதையை அரைத்துப் பூசி வெயிலில் காட்டும் வைத்தியம் நம் மரபில் உண்டு. மருத்துவமனையிலும் சொராலினையும் யூ.வி.ஏ. (தோலில் ஆழமாக இறங்கும் புற ஊதா ஒளி) விளக்கையும் சேர்த்துச் சிகிச்சை தருகிறார்கள். காரணம் எளிது: சொராலின் பட்ட தோல் யூ.வி.ஏ. ஒளிக்குப் பல மடங்கு கூடுதலாக எதிர்வினை காட்டும். வைத்தியர் அளவு பார்த்து, நிமிடம் பார்த்துச் செய்கிற வேலை அது. அதையே பிள்ளையின் கன்னத்தில் பூசி ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பினால் பெயர் சன்ஸ்கிரீன், வேலை அதற்கு நேர் எதிர்.

அடுத்த வரியில் எலுமிச்சை எண்ணெய் இருபது சொட்டு, இல்லையென்றால் லிமாவ் நிப்பிஸ் என்ற சிறு எலுமிச்சையின் தோலைப் பிழிந்த எண்ணெய். இதுவும் அதே வகைதான். எலுமிச்சை இனத்துத் தோலில் ஃபியூரோகூமரின்கள் உண்டு; சொராலினும் அந்தக் குடும்பம்தான். குளிர்முறையில் பிழிந்த எண்ணெயில் அவை அப்படியே இருக்கும். ஆவியில் வடித்த எண்ணெயில் பெரும்பாலும் வராது. கடைக்காரர் போத்தலில் எது என்று எழுதாமல் விற்றால் பிழிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மலேசியா பின்பற்றும் ஆசியான் அழகுசாதன விதிகளில் வெயில் காப்புப் பொருள்களுக்குத் தனியாக ஒரு வரம்பு இருக்கிறது: ஃபியூரோகூமரின் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். பிழிந்த லிமாவ் எண்ணெய் சில சொட்டு விழுந்தாலே அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். கார்போகரிசி எண்ணெய் இரண்டு கரண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதில் மோசமானது, விளைவு உடனே தெரியாது. எரிச்சலும் கொப்புளமும் ஒரு நாள் கழித்து வரும், இரண்டு மூன்று நாளில் உச்சம் தொடும். பிறகு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கருந்திட்டாக நிற்கும். களிம்பு வழிந்த இடத்தில் கோடு, விரல் பட்ட இடத்தில் விரல் தடம் என்று அப்படியே பதியும். தாய் அதைச் சூடு என்பாள், அம்மை என்பாள், கண்ணேறு என்பாள். முந்தாநாள் பூசிய களிம்பை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இனி ‘50’ என்ற எண்ணுக்கு வருவோம். எஸ்.பி.எஃப். ஒரு தனிப் பொருளின் குணமில்லை. முழுதாகச் செய்து முடித்த களிம்பு, தோலின் மேல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் கனத்தில் படலமாக நிற்கும்போது என்ன செய்கிறது என்பதன் அளவு. ஐ.எஸ்.ஓ. 24444 என்ற முறைப்படி ஆய்வகத்தில் மனிதர் முதுகில் பூசி, விளக்கொளி காட்டி, மறுநாள் சிவப்பைப் பார்த்துக் கணக்கிடுகிறார்கள். உங்கள் கையேட்டில் கேரட் விதை எண்ணெய்க்கு 40, ராஸ்பெர்ரி விதை எண்ணெய்க்கு 28, தேங்காய் எண்ணெய்க்கு 8 என்று போட்டு, கூட்டி, ‘ஏறத்தாழ 50க்கு மேல்’ என்று முடித்திருக்கிறீர்கள். எஸ்.பி.எஃப். கூட்டல் கணக்கில் வராது. இரண்டு பொருளைக் கலந்தால் ஒன்றை ஒன்று கெடுக்கவும் செய்யும்.

தேங்காய் எண்ணெய்க்குப் போட்ட அந்த எட்டு வந்த வழியையும் சொல்லிவிடுகிறோம். பிரேசிலின் மன்சூர் குழுவினர் 1986இல் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். பொருளை ஆல்கஹாலில் கரைத்து, கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, 290 முதல் 320 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கருவியில் அளந்து, ஒரு பெருக்கல் செய்தால் ஓர் எண் வரும். மாதிரிகளை ஒப்பிட்டுக் கழிப்பதற்கு மலிவான, நல்ல வழி. ஆனால் அந்தக் குப்பிக்குப் படலம் தெரியாது, வியர்வை தெரியாது, யூ.வி.ஏ. தெரியவே தெரியாது. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய்க்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் 7, 8 என்று வந்ததும் இந்தக் குப்பிக் கணக்கில்தான். அதை மேற்கோள் காட்டிக் காட்டி, தேங்காய் எண்ணெய் பூசினால் வெயில் ஏறாது என்றாகிவிட்டது. நம் ஊரில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு கறுக்காதவர் யார் என்று ஒரு முறை யோசித்தாலே போதும்.

முறையாகச் செய்பவர்களுக்கே இந்த எண் கைநழுவும். 50+ என்று போட்டு உலகமெங்கும் விற்ற ஒரு கொரியச் சன்ஸ்கிரீன், 2020இல் தனியாகச் சோதித்தபோது 20ஐக்கூட எட்டவில்லை. தொழிற்சாலை, ஆய்வகம், சான்றிதழ் எல்லாம் இருந்த இடத்து நிலைமை அது. மண்டபத்து அடுப்படியில் கரண்டிக் கணக்கில் செய்ததற்கு 50 என்று எந்தத் துணிச்சலில் ஒட்டுவது?

“அதான் ஜிங்க் ஆக்சைடு சேர்க்கிறோமே” என்பீர்கள். கையேட்டில் வெயிலை உண்மையாகத் தடுக்கக்கூடிய ஒரே பொருள் அதுதான், மறுக்கவில்லை. தோலைச் சுடும் புற ஊதா ஒளியான யூ.வி.பி., யூ.வி.ஏ. இரண்டையும் தடுக்கும். ஆசியான் விதிப்படி 25 விழுக்காடு வரை சேர்க்கலாம். சிக்கல் அளவிலும் பரவலிலும் இருக்கிறது. ‘இரண்டு மேசைக்கரண்டி’ என்று போட்டிருக்கிறீர்கள். பஞ்சுபோல் அள்ளிப் போட்டால் ஒரு எடை, அழுத்தி நிரப்பினால் அதற்கு ஒன்றரை மடங்கு. அரைக் கோப்பை தேங்காய் எண்ணெய், கால் கோப்பை தேன்மெழுகு, ஷியா வெண்ணெய், மற்றவை எல்லாம் சேர்த்துச் சுமார் 200 கிராம் வருகிறது. அதில் ஜிங்க் ஏறத்தாழ 8 முதல் 12 விழுக்காடு. துகள் நன்றாகப் பரவியிருந்தால்கூட அந்த அளவு ஜிங்க் மட்டும் 50 தராது.

பரவல் எப்படி இருக்கிறது என்று உங்கள் மாதிரி டப்பாவிலேயே பார்க்கலாம். நீங்களும் செய்து பாருங்கள், கருவி எதுவும் வேண்டாம். மிளகளவு களிம்பை ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு கண்ணாடியால் அழுத்தி இழுத்து, சன்னலுக்கு நேரே பிடியுங்கள். சீராகப் பரவிய ஜிங்க் பால்போல ஒரே வெண்மையாகத் தெரியும். உங்கள் மாதிரியில் தெரிந்தது, தெளிந்த எண்ணெயில் ரவைபோல வெள்ளைக் கட்டிகள். கட்டிக்கும் கட்டிக்கும் இடையே வெறும் எண்ணெய். வெயில் அந்த இடைவெளியில் தாராளமாக இறங்கும். ஜிங்க் துகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி சேரும் இயல்புடையது. முட்டை அடிக்கும் கம்பியால் அது பிரியாது. ஆலையில் உருளைகளுக்கிடையே விட்டு அரைக்கிறார்கள், அல்லது எண்ணெயில் ஏற்கெனவே பரப்பிய ஜிங்க் வாங்கிச் சேர்க்கிறார்கள்.

அந்த டப்பாவில் இன்னொன்றும் பார்த்தோம். மேலே ஒரு விரல் ஆழம் மஞ்சள் வெண்ணெய், அடியில் சுண்ணாம்புபோல் கெட்டி. ஜிங்க் ஆக்சைடின் அடர்த்தி 5.6, தேங்காய் எண்ணெய் தண்ணீரைவிட லேசு. சூடாக ஊற்றி அப்படியே ஆறவிட்டால், மெழுகு பிடிக்கும் முன்பே ஜிங்க் அடியில் இறங்கிவிடும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகக்கூடியது. வெயிலில் நிறுத்திய காரில் டப்பா ஒரு மதியம் கிடந்தால், ஆறும்போது பிடித்த கொஞ்சநஞ்சமும் மறுபடி இறங்கும். முதல் வாரம் பூசுகிறவருக்கு ஜிங்க் இல்லாத எண்ணெய், கடைசி வாரம் பூசுகிறவருக்கு வெள்ளைச் சாந்து. டப்பாவின் மேல் இருவருக்கும் ஒரே 50.

கற்றாழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘வீட்டுக் கற்றாழைச் சோறு இரண்டு கரண்டி’ என்பது கேட்க அழகாக இருக்கிறது. கற்றாழைச் சோற்றில் 98, 99 விழுக்காடு தண்ணீர். எண்ணெயும் மெழுகும் உள்ள களிம்பில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் பொருள் எதுவும் இல்லாமல் அதைக் கலக்கினால், சிறு சிறு நீர்த்துளிகளாகப் பிரிந்து நிற்கும். தேன்மெழுகு தனியாக அந்த வேலையைச் செய்யாது. அந்தத் துளி ஒவ்வொன்றும் பூஞ்சைக்கும் கிருமிக்கும் வீடு. ‘வைட்டமின் ஈ சேர்ப்பதால் கெடாது’ என்று அடிக்குறிப்பு போட்டிருக்கிறீர்கள். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்குவாடை அடிக்காமல் காக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது. இரண்டும் வெவ்வேறு கேடு, வெவ்வேறு மருந்து.

களிம்பு கெடாமல் இருக்க ‘இயற்கைக் காப்பு’ என்று சோடியம் பென்சோயேட்டும் பொட்டாசியம் சோர்பேட்டும் சேர்த்தால்? அவை புளிப்பான இடத்தில்தான் வேலை செய்யும்; புளிப்பைக் காட்டும் எண்ணான பி.எச். 5 அளவில் இருக்க வேண்டும் (எண் ஏற ஏறப் புளிப்பு குறையும்). ஜிங்க் ஆக்சைடு பி.எச்.சை 7க்கு மேலே தள்ளிவிடும். போட்ட காப்பு போட்ட இடத்தில் சும்மா கிடக்கும். கடையில் வாங்கிய கற்றாழை ஜெல்லை ஊற்றினாலோ, அதைக் கெட்டியாக்கும் கார்போமர் ஜிங்க்குடன் சேராமல் திரிந்துவிடும். ஜிங்க்கும் தண்ணீரும் சேர்ந்த சன்ஸ்கிரீன் வீட்டில் செய்யத்தக்கதல்ல என்பதற்கு இந்த ஒன்றே போதும். அப்புறம் கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால்: மடலைச் செங்குத்தாக நிறுத்தி அதை முழுதாக வடியவிட்டுக் கழுவிய பிறகுதான் சோற்றை எடுக்க வேண்டும். அரிப்பு தருவது அந்தப் பால். கையேட்டில் அந்த வரியே இல்லை.

மஞ்சள் வெயிலைத் தடுக்கும் என்பதற்கும் ஒரு வார்த்தை. குர்க்குமின் அதிகம் உறிஞ்சுவது 420, 430 நானோமீட்டர் பக்கம், அதாவது கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியை. தோலைச் சுடும் யூ.வி.பி. அதற்கு வெகு கீழே. அதோடு வெளிச்சம் பட்டால் குர்க்குமினே சிதையும், காரம் பட்டால் இன்னும் வேகமாக. மஞ்சள் பூசிய துணி வெயிலில் வெளுப்பதைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இல்லை.

மூலிகையில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. உங்கள் கையேடு அதைத்தான் தவறவிட்டிருக்கிறது. கச்சோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலாய் வீடுகளில் ச்செக்கூர் என்று இலையை ஊலாமாக, அதாவது பச்சையாகச் சாப்பிடுகிறார்கள். நாம் கிழங்கைக் குளியல் பொடியில் போடுகிறோம். அந்தக் கிழங்கின் எண்ணெயில் எத்தில் மெதாக்ஸிசின்னமேட் என்ற பொருள் ஏராளம். யூ.வி.பி. ஒளியை நன்றாக உறிஞ்சும். பல ஆண்டுகளாகக் கடைச் சன்ஸ்கிரீன்களில் இருக்கும் எத்தில்ஹெக்ஸில் மெதாக்ஸிசின்னமேட் அதன் நெருங்கிய உறவுக்காரப் பொருள். பூலாங்கிழங்கிலும் இதே பொருள் உண்டு. ஆகவே வெயிலைத் தடுக்கும் செடி நம் சமையலறைப் பக்கத்திலேயே இருக்கிறது என்று வகுப்பில் தாராளமாகச் சொல்லலாம், பொய்யாகாது.

ஆனால் அடுத்த வரியையும் சொல்ல வேண்டும். அந்தப் பொருள் தண்ணீரில் கரையாது. கிழங்கை அரைத்துத் தண்ணீரில் குழைத்துப் பூசினால், நாருக்குள் அடைபட்டது அங்கேயே இருக்கும், தோல் மேல் படலமாக வராது. எண்ணெயில் இறக்க வேண்டுமானால், நிழலில் ஒடித்தால் ‘டக்’ என்று முறியும்வரை காயவைத்த கிழங்கை இடித்து, எண்ணெயில் 50, 60 டிகிரிக்கு மேல் போகாமல் சில மணி நேரம் வைத்து வடிகட்ட வேண்டும். பச்சைக் கிழங்கைப் போட்டால் அதன் ஈரம் எண்ணெயில் தங்கி, பூஞ்சையும் வாடையும் வரும். இவ்வளவு செய்தும் அந்தப் போத்தலில் எத்தனை விழுக்காடு இறங்கியது என்று கருவி இல்லாமல் தெரியாது. கிழங்குக்குக் கிழங்கு மாறும். யூ.வி.ஏ.வை இது தடுக்காது. ஆசியான் விதிகளில் அனுமதித்த வெயில் வடிப்பான்களின் பட்டியலில் எத்தில்ஹெக்ஸில் வடிவம் 10 விழுக்காடு வரை இருக்கிறது. கிழங்கில் கிடைக்கும் வடிவம் இல்லை. ஆராய்ச்சிக்கு அருமையான கிழங்கு. டப்பாவில் எண் போட உரிமை தராது.

வல்லாரைக்கு வேறு வேலை. பெகாகா என்று பாசாரில் கட்டுக்கட்டாகக் கிடைப்பதுதான். ஏசியாட்டிகோசைடு, மேடகசோசைடு என்ற பொருள்கள் புண் ஆறுவதற்கும் தோலைத் தணிப்பதற்கும் உதவும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. வெயிலுக்குப் பிறகு பூசத் தக்கது, வெயிலுக்கு முன் கவசமாக அல்ல. கேமரன் மலைப் பச்சைத் தேயிலையும் அப்படியே. வெயில் கிளப்பும் சிதைவைக் கொஞ்சம் தணிக்கும். ஆனால் காற்றுப் பட்டால் சாறு இரண்டே நாளில் பழுப்பாகிவிடும், பழுத்த பிறகு அதில் பயனில்லை.

அதிமதுரத்தில்தான் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். தோல் சிவப்பதை அது தணிக்கும். எஸ்.பி.எஃப். சோதனையோ சிவப்பைப் பார்த்துத்தான் எண் போடுகிறது. சிவப்பை மறைக்கும் சாற்றை நிறையச் சேர்த்தால் எண் ஏறும், உள்ளே இறங்கும் ஒளி குறையாது. புகை எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டு வீடு பற்றவில்லை என்பதுபோல. எரியவில்லையே என்று இன்னும் ஒரு மணி நேரம் வெயிலில் நிற்பவருக்குத்தான் நட்டம்.

நம் நிறத்துக்கு வெயிலால் முதலில் வருவது எரிச்சல் இல்லை, மங்கு. பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் படரும் மங்குக்கு வெறும் புற ஊதா மட்டும் காரணமில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுமை ஏற்றும், அதுவும் நிறம் கூடிய தோலில் அதிகம். அதைத் தடுப்பது நிறமேற்றிய சன்ஸ்கிரீன்களில் இருக்கும் இரும்பு ஆக்சைடு. மங்கு இருக்கும் பெண்கள்தான் உங்கள் வகுப்புக்கு முதலில் பெயர் கொடுப்பார்கள். எலுமிச்சை எண்ணெயும் கார்போகரிசியும் மங்கின் மேல் பட்டால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதிலிருந்தே தெரியும்.

பத்துக் கிராம் டப்பாவின் கணக்கையும் பார்த்துவிடுவோம். முகம், கழுத்துக்கு 3 மி.லி., ஒவ்வொரு கைக்கும் 3, ஒவ்வொரு காலுக்கும் 6, மார்புக்கு 6, முதுகுக்கு 6. மொத்தம் 33 மி.லி. ஒரு தடவைக்கு. வியர்த்து வழியும் இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. சட்டையில்லாமல் காவடி எடுத்து வெறுங்காலோடு பினாங்கின் தண்ணீர்மலை ஏறுகிறவருக்கு உங்கள் டப்பா முகத்துக்கும் இரண்டு கைக்கும் ஒரே ஒரு தடவை வரும். அதைவிடப் பந்தலுக்கு மேல் நெருக்கமான நிழல்வலை கட்டினால் அத்தனை பேருக்கும் பயன்படும்.

நேரத்தையும் கையேடு தவறாகச் சொல்கிறது. ‘பன்னிரண்டு மணிக்கு வெயில் உச்சம், இரண்டு மணிக்குத் தணியும்’ என்பது வேறு ஊர்க் கணக்கு. 1982 தொடக்கத்தில் மலேசியத் தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து, பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 1.20க்கு. இரண்டு மணி என்பது உச்சி தாண்டி முக்கால் மணிகூட ஆகாத நேரம். பள்ளிப் போட்டியைக் காலை 7.30க்குத் தொடங்கி 10.30க்குள் முடித்தால், எந்தக் களிம்பும் செய்யாத உபகாரத்தைக் கடிகாரம் செய்யும்.

சட்டமும் இருக்கிறது, சுருக்கமாக. மலேசியாவில் சன்ஸ்கிரீன் அழகுசாதனப் பொருள். 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமையான என்.பி.ஆர்.ஏ.விடம் அறிவிப்பு எண் பெறாமல் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது. ‘என்.ஓ.டி.’ என்று தொடங்கி ‘கே’ என்று முடியும் எண் அது. எண் வாங்கினால் போதாது. தயாரிப்பு இடத்தின் தரம், பொருள் விவரக் கோப்பு, எஸ்.பி.எஃப். எண்ணுக்கான சோதனைச் சான்று எல்லாம் கேட்டால் காட்ட வேண்டும். அறக்காரியம், இலவசம், மூலிகை என்பவை விலக்கு இல்லை. பிள்ளைக்குக் கொப்புளம் வந்து பெற்றோர் புகார் கொடுத்தால் கையெழுத்துப் போட்ட செயலவைதான் பதில் சொல்ல வேண்டும், வகுப்பெடுத்தவர் போய்விடுவார்.

நாங்கள் கேட்பவை இவை.

முதலாவது, கார்போகரிசி எண்ணெயும் எலுமிச்சை இன எண்ணெய்களும் உள்ள கையேட்டை உடனே திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு வாட்ஸ்அப் குழுவிலேயே, காரணத்தோடு, ‘பூசாதீர்கள்’ என்று ஒரு செய்தி போடுங்கள். வெறுமனே ‘திருத்திய பதிப்பு’ என்று அனுப்பினால் யாரும் பழையதைத் தூக்கிப் போட மாட்டார்கள்.

இரண்டாவது, செய்து வைத்த டப்பாக்களைச் சந்தையிலோ பள்ளியிலோ பந்தலிலோ கொடுக்காதீர்கள். ‘எஸ்.பி.எஃப்.’, ‘வெயில் காப்பு’ என்ற சொற்களை மட்டும் கிழித்துவிட்டு ‘மூலிகைக் களிம்பு’ என்று கொடுப்பதும் வேண்டாம். வாங்குகிறவர் வெயிலுக்கு என்றுதான் பூசுவார்.

மூன்றாவது, களிம்புக்கு ஒதுக்கிய பணத்தில் பள்ளிக்கும் பந்தலுக்கும் அறிவிப்பு எண் உள்ள சன்ஸ்கிரீனைப் பெரிய பம்ப் போத்தலாக வாங்குங்கள். எண்ணை என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தட்டிச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள். மீதியில் நிழல்வலை.

நான்காவது, வகுப்பை நிறுத்த வேண்டாம், பாடத்தை மாற்றுங்கள். தண்ணீரே இல்லாத குளியல் பொடி முதல் பாடமாக இருக்கட்டும். ஒரு கிலோவுக்குப் பச்சைப்பயறு 500 கிராம், கடலைப்பருப்பு 200, ரோஜா இதழ், ஆவாரம்பூ, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு ஆகியவை தலா 50, கச்சோலம் 25, கஸ்தூரி மஞ்சள் 25. கார்போகரிசி வேண்டாம். எல்லாம் மொறமொறப்பாகக் காய்ந்த பிறகு அரைத்து, ஆறவைத்துச் சலித்து, ஈரமில்லாத டப்பாவில் அடையுங்கள். சூடாக அடைத்தால் மூடிக்கு உள்பக்கம் வியர்த்து, வண்டு வரும்.

இரண்டாவது பாடம் வெயிலுக்குப் பிறகு பூசும் வல்லாரை ஜெல். காய்ந்த வல்லாரை 10 கிராமை, கிளிசரின் 70 கிராம், வடித்த நீர் 30 கிராம் கலந்ததில் போட்டு, 55 டிகிரிச் சுடுநீர்ப் பாத்திரத்தில் மூன்று மணி நேரம் வைத்து, மெல்லிய துணியில் பிழிந்து எடுக்கவும். நூறு கிராம் ஜெல்லுக்கு இந்தச் சாறு 5 கிராம், கெட்டியாக்கும் சாந்தன் பசைத் தூள் 0.8, கற்றாழைத் தூள் 0.1, பினாக்ஸிஎத்தனால் கலவைக் காப்பு 0.9, மீதி 93.2 வடித்த நீர். பசைத் தூளை முதலில் அந்தச் சாற்றிலேயே நனைத்துவிட்டு நீரை ஊற்றுங்கள். நேரே நீரில் தூவினால் மீன்கண் மாதிரி கட்டி கட்டியாக நிற்கும், எவ்வளவு கலக்கினாலும் கரையாது. சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பி.எச்.சை 5, 5.5க்குக் கொண்டுவாருங்கள். வாயகன்ற டப்பா வேண்டாம், பம்ப் போத்தல். முழங்கை மடிப்பில் பூசி ஒரு நாள் பார்த்த பிறகே முகத்துக்கு. கற்றுக்கொடுங்கள், விற்காதீர்கள், இதற்கும் அறிவிப்பு எண் வேண்டும். வகுப்பில் கரண்டிகளை ஒதுக்கிவிட்டு 0.1 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசும் பி.எச். தாளும் மேசைக்கு ஒன்றாக வையுங்கள். தேவையான தராசுகளை நாங்கள் இரவலாகத் தருகிறோம், பாடமும் சம்பளமில்லாமல் எடுக்கிறோம்.

கடைசியாக, இந்த மடலை அடுத்த செயலவைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். ‘பார்க்கலாம்’ என்ற பதிலை ஏற்க மாட்டோம். கூட்டம் கூடும்வரை ஒரு டப்பாவும் வெளியே போகாது என்ற உறுதி இந்த வாரமே வேண்டும். அது வராவிட்டால் மாதிரி டப்பாவையும் கையேட்டையும் என்.பி.ஆர்.ஏ.வுக்கு அனுப்புவோம்.

இப்படிக்கு,
பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் சோப்பு, எண்ணெய், குளியல் பொடி செய்யும் சிலர்